மொந்தல்பானோ தொடரைப் பார்க்கலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே!

கேள்வி இதுதான்: "'கமிஸ்ஸாரியோ மொந்தல்பானோ' என்ற இத்தாலியத் துப்பறியும் தொடரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பார்த்தவர்களைக் கேட்டால் ஒருவர் தூக்கம் வருகிறது என்கிறார். ஒருவர் இதற்கு மேல் ஒரு போலீஸ் தொடர் கிடையாது என்கிறார். இன்னொருவர் பெண்களைக் காட்டியிருக்கும் விதம் எரிச்சல் என்கிறார். யாரை நம்புவது?"

மூன்று பேரையும் நம்பலாம். மூவர் சொல்வதும் தொடரில் இருக்கிறது. எதற்காக உட்காருகிறோமோ அதைப் பொறுத்து ஒவ்வொருவர் கண்ணிலும் ஒவ்வொன்று படுகிறது. மொத்தம் 37 படங்கள். அதில் 36-ஐ இரண்டு முறை பார்த்திருக்கிறேன், ஒன்றை மட்டும் ஒரே முறை. அது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் விவரம். இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராயில் 1999 மே 6 அன்று முதல் படம் வந்தது, 2021 மார்ச் 8 அன்று கடைசிப் படம். 22 வருடத்தில் 37 என்றால் கணக்குப் பாருங்கள்: ஒரு வருடம் இரண்டு, ஒரு வருடம் நான்கு, சில வருடம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். வாராவாரம் வரும் தொடர் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான், இது தவணை முறையில் வந்த சினிமா. எழுதியவர் ஆந்த்ரேயா கமில்லேரி. சிசிலியின் தென்கரையில் போர்த்தோ எம்பெதோக்ளே என்ற துறைமுக ஊரில் 1925-ல் பிறந்தவர். வாழ்க்கை முழுக்க நாடகம், தொலைக்காட்சி என்று ஓடிவிட்டு, முதல் மொந்தல்பானோ நாவலை 1994-ல், எழுபதை நெருங்கும் வயதில் வெளியிட்டார். நாயகனுக்கு ஸ்பெயின் துப்பறியும் எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானின் பெயரை மரியாதையாக வைத்தார். நாயகனாக நடித்த லூக்கா சிங்கரெட்டி, ரோமில் நாடக அகாதெமியில் கமில்லேரியிடமே படித்த மாணவர். நாவலில் மொந்தல்பானோவுக்குத் தலைமுடியும் மீசையும் உண்டு. திரையில் வந்தவரோ வழுக்கைத் தலை. நாவல் படித்தவர்கள் முணுமுணுத்தார்கள். இன்று மீசை வைத்த மொந்தல்பானோவை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

'கமிஸ்ஸாரியோ' என்றதும் நம் ஊர் போலீஸ் கமிஷனர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விகாத்தா என்ற கற்பனை ஊரின் காவல் நிலையத்தைக் கவனிக்கும் அதிகாரி, அவ்வளவுதான். பதவி உயர்வு என்ற பேச்சை எடுத்தாலே மனிதருக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, தூக்கம் வருகிறது என்ற புகாருக்கு வருவோம்.

இரண்டாவது படம் 'வயலினின் குரல்'. மொந்தல்பானோ ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்புகிறார். ஜீப்பை ஓட்டும் போலீஸ்காரர் கல்லோவுக்கு ரேஸ் ஓட்டுகிற நினைப்பு. குறுக்கே ஒரு கோழி வர, அதைத் தப்பிக்கவிடப்போய், ஒரு வீட்டு வாசலில் நிற்கும் காரில் இடித்துவிடுகிறார். காரின் கண்ணாடியில் தொலைபேசி எண் எழுதிய சீட்டைச் செருகிவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போதும் சீட்டு அப்படியே இருக்கிறது. வீட்டில் விளக்கு இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அது மொந்தல்பானோவை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராத்திரி தனியாகப் போய், சட்டப்படி நுழையக் கூடாத அந்த வீட்டுக்குள் நுழைகிறார். மாடியில் ஒரு இளம்பெண்ணின் உடல். வேறொரு தொடராக இருந்தால் முதல் நிமிடத்திலேயே பிணத்தைக் காட்டியிருப்பார்கள். இங்கே ஒரு கோழி, ஒரு சீட்டு, எடுக்கப்படாமல் கிடப்பதன் உறுத்தல், இத்தனையும் ஆன பிறகுதான் பிணம். யாரும் வந்து புகார் கொடுக்கவில்லை, ஒரு மனிதரின் மனசு அரித்ததால் கண்டுபிடிக்கப்பட்ட கொலை அது. இந்த ருசி பிடிபட்டால் தூக்கம் வராது. பிடிபடாவிட்டால் குற்றம் யார் மேலும் இல்லை, அடுத்த தொடருக்குப் போய்விடலாம்.

புதிருக்காகவே வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கதை பல இடங்களில் குழம்பும். இரண்டு வழக்குகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒரே குடும்பத்தில் ஐந்து பெயர்கள் வரும், சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஆளைக் குறிப்பிட்டுவிடுவார்கள். சில படங்கள் கமில்லேரியின் சிறுகதைகள் இரண்டு மூன்றைக் கோத்து உருவாக்கியவை, தையல் தெரியும். முதல் இருபது நிமிடம் கைபேசியைத் தொடாமல் பாருங்கள் என்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. அப்புறம், குற்றவாளியை மாட்டவைக்கும் விதத்தைக் கவனியுங்கள். தடயத்தைவிட நாடகத்தை நம்புகிற ஆள் மொந்தல்பானோ. ஒருவரைக் கோபப்படுத்துவது போல நடிப்பார், இல்லாத ஆதாரம் இருப்பதாகப் பேச்சுக் கிளப்புவார், சகாக்களுக்கு வேஷம் பிரித்துக் கொடுப்பார். எழுதியவர் மேடை இயக்குநர் என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், சிலர் "விசாரணையைவிடச் சாப்பாடுதான் அதிகம்" என்று சலித்துக்கொள்வார்கள். உண்மையில் சாப்பாட்டுக் காட்சி ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்கூட வராது. மனதில் பதிந்துவிடுவதால் அதிகமாகத் தோன்றுகிறது. வேலைக்காரப் பெண்மணி அதெலினா சமைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மொந்தல்பானோ முதலில் குளிர்பெட்டியைத் திறப்பார், பிறகு அடுப்பை. தட்டை மூடிய துணியை விலக்கி ஒரு கணம் அப்படியே நிற்பார். கத்தரிக்காயும் சீஸும் அடுக்கிச் சுட்ட பாஸ்தாவாக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்த வராந்தாவில் உட்காருவார். பின்னணி இசை இருக்காது. சாப்பிடும்போது பேசக் கூடாது என்பது அவருடைய மதம். உணவகத்தில் எதிரே உட்கார்ந்தவர் வழக்கைப் பற்றி வாயைத் திறந்தால் முகம் சுருங்கிவிடும். துணை அதிகாரி மிமி அவுஜெல்லோ மட்டி போட்ட பாஸ்தாவின் மேல் சீஸைத் தூவிச் சாப்பிடுவதைக் கண்டு அவர் அடைகிற அருவருப்பு, நாவலில், பிணவறையில் அடைவதைவிட அதிகம்.

அதெலினாவின் இரண்டு பிள்ளைகளும் திருடர்கள், ஜெயிலுக்குப் போவதும் வருவதுமாக இருப்பவர்கள். அதில் பஸ்குவாலேயைப் பிடித்து உள்ளே தள்ளியவரே மொந்தல்பானோதான். அவன் குழந்தைக்கு ஞானத் தகப்பனும் அவரே. 2002-ல் வந்த ஒரு படத்தில், புத்தாண்டுக்குப் பாரிஸ் போகலாம் என்று காதலி லிவியா கூப்பிடுகிறாள். அதெலினாவோ அன்று ராத்திரி அரஞ்சினி, அதாவது இறைச்சி வைத்துப் பொரித்த சோற்று உருண்டை, செய்கிறேன் வாருங்கள் என்கிறார். போலீஸும் திருடனும் ஒரே மேஜையில் உட்காருவது அந்த ஊரில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இந்தத் தொடரின் சுவாரசியம் முழுவதும் அந்த மேஜையில் இருக்கிறது என்பேன்.

அடுத்து கத்தரெல்லா. பார்வையாளர்கள் ஏறக்குறைய இரண்டு கட்சியாகப் பிரிகிற பாத்திரம் இவர்தான். காவல் நிலையத்தில் தொலைபேசி எடுப்பவர். யார் கூப்பிட்டாலும் பெயரைத் தப்பாகச் சொல்வார். கதவைத் திறந்தால் கை வழுக்கிச் சுவரில் டமாரென்று மோதும், ஒவ்வொரு படத்திலும். "ஆள் நேரிலேயே, நேர்பட வந்திருக்கிறார்" என்கிற மாதிரி ஒரே சொல்லை இரண்டு தரம் திரித்துச் சொல்வார். 'கோமாளித்தனம், தாங்க முடியவில்லை' என்பது ஒரு கட்சி. நான் அடுத்த கட்சி. அவர் பேசுவது அலுவலக இத்தாலிய மொழியும் சிசிலிப் பேச்சும் அரைகுறையாகக் கலந்து வரும் ஒரு கிச்சடி. பெரிய இடத்து மொழியில் பேச முயன்று தடுக்கி விழும் ஒருவரின் மொழி. சப்டைட்டிலில் அது வெறும் உளறலாகச் சுருங்கிவிடுகிறது. நாவல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஸ்டீபன் சர்த்தரெல்லி, அவருக்கு நியூயார்க் புரூக்ளின் கொச்சையைக் கொடுத்துச் சமாளித்தார். இன்னொன்று, நிலையத்தில் கணினியை இயக்கத் தெரிந்த ஒரே ஆளும் கத்தரெல்லாதான்.

மொழி இழப்பு இந்தத் தொடரில் பெரிய இழப்பு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தொலைபேசியை எடுத்ததும் அவர் சொல்லும் "மொந்தல்பானோ சோனோ" இத்தாலியில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த வசனம். பொது இத்தாலியத்தில் "சோனோ மொந்தல்பானோ" என்று வினை முதலில் வர வேண்டும். சிசிலிக்காரர் பெயரை முன்னால் போட்டு வினையைக் கடைசியில் வைக்கிறார். ஆங்கிலச் சப்டைட்டிலில் இந்த வித்தியாசம் காணாமல் போகும். "மொந்தல்பானோ பேசறேன்" என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒழுங்கு அப்படியே வந்து உட்காருகிறது! எரிச்சல் வந்தால் "கமுர்ரீயா" என்பார், நம்முடைய 'இம்சை'க்குச் சரியான ஜோடி. "ஏன் எல்லோரும் அவரை டாக்டர் என்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: இத்தாலியில் பட்டதாரி யாராக இருந்தாலும் 'தொத்தோரே'. போலீஸ் அதிகாரிகளை அப்படித்தான் விளிப்பார்கள். நிஜ டாக்டர் ஒருவரும் உண்டு, பிணப் பரிசோதனை செய்யும் பஸ்குவானோ. சீட்டாட்டத்தில் தோற்ற மறுநாள் யாரும் கிட்டே போக முடியாது. ஒரு பெட்டி கன்னோலி இனிப்போடு போனால்தான் அறிக்கை கிடைக்கும். அவராக நடித்த மார்ச்செல்லோ பெர்ராக்கியோ 2017-ல் இறந்தார்.

"ஊரில் ஆட்களே இல்லையா? தெருவில் ஒரு கார்கூட நிற்கவில்லையே?" என்பதும் அடிக்கடி கேட்கும் கேள்வி. படமெடுத்தது கமில்லேரியின் சொந்த ஊரில் அல்ல. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, ரகூசா மாகாணத்தில். ரகூசா இப்லா, மோதிகா, ஷிக்லி போன்ற ஊர்கள் 1693-ல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, பிறகு பரோக் பாணியில் மஞ்சள் கல்லில் எழுந்தவை. 2002-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இயக்குநர் அல்பெர்த்தோ சிரோனியும் கலை இயக்குநர் லூச்சியானோ ரிச்சேரியும் சதுக்கங்களைக் காலியாக்கி, கடைப் பலகை, கார், கூட்டம் எல்லாவற்றையும் விலக்கி வெயிலையும் கல்லையும் மட்டும் விட்டுவைத்தார்கள். காவல் நிலையத்தின் வெளிப்புறம் என்று காட்டுவது ஷிக்லியின் நகராட்சிக் கட்டடம். அவர் காலையில் நீந்தும் கடற்கரை வீடு புந்தா செக்கா என்ற மீனவக் கிராமத்தில் இருக்கிறது, இப்போது அதில் தங்கும் விடுதி நடக்கிறது. போர்த்தோ எம்பெதோக்ளே இருக்கும் அகிரிஜெந்தோ பக்கத்துக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு: கதை எங்களுடையது, சுற்றுலாக்காரர்கள் மட்டும் அங்கே. போர்த்தோ எம்பெதோக்ளே 2003-ல் தன் பெயரோடு 'விகாத்தா'வையும் ஒட்டிக்கொண்டது, சில வருடத்தில் கழற்றிவிட்டது.

பிரிட்டனில் பிபிசி 4 இதைச் சனிக்கிழமை இரவுகளில் சப்டைட்டிலோடு போட்டது. டென்மார்க், ஸ்வீடன் குற்றத் தொடர்களின் மழையும் இருட்டும் பழகிய அந்த ரசிகர்களுக்கு இந்த வெயில் ஒரு விடுமுறையாக இருந்தது. இத்தாலியில் நிலவரமே வேறு. 2018 பிப்ரவரியில் வந்த ஒரு படத்தை 1 கோடியே 10 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். மொத்த மக்கள் தொகையே சுமார் 6 கோடி. மறு ஒளிபரப்பும் லட்சக்கணக்கானவர்களை உட்காரவைத்தது. பார்த்த கதையையே பார்க்கிறார்கள் என்றால் கொலையாளி யார் என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல என்பது புரிகிறதல்லவா?

இதமான விடுமுறைத் தொடர் என்று மட்டும் முத்திரை குத்துபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 2005-ல் வந்த ஒரு படத்தின் தொடக்கத்தில், ஜெனோவாவில் 2001 ஜி8 மாநாட்டின்போது போலீஸ் ஒரு பள்ளிக்குள் புகுந்து போராட்டக்காரர்களை அடித்த விவகாரத்தால் வெறுத்துப்போய் ராஜினாமா செய்யத் துடிக்கிறார் மொந்தல்பானோ. அதே படத்தில், படகில் வந்திறங்கிய அகதிகளிடமிருந்து ஒரு சிறுவன் ஓடிவிடுகிறான். இவரே தேடிப்பிடித்து, சமாதானம் சொல்லி, கையைப் பிடித்து, தாய் என்று வந்து நிற்கும் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பையனின் பார்வை அவருக்கு உறுத்துகிறது. சில நாள் கழித்து அவன் சாலையோரம் அடிபட்டுச் செத்துக் கிடந்த செய்தி வருகிறது. பிடித்துக் கொடுத்த கை தன்னுடையது என்பதுதான் அந்த வழக்கு முழுவதும் அவரை விரட்டுகிறது. 2019-ல் 'நூலின் மறுமுனை' வந்தபோதும் துறைமுகத்தில் அகதிகளை இறக்கும் காட்சிகள் இருந்தன. அப்போதைய உள்துறை அமைச்சர் சல்வீனி அகதிகள் வரும் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூடிக்கொண்டிருந்த நேரம். நாடே அதைப் பற்றி வாதாடியது.

இப்போது அந்த மூன்றாவது நண்பரின் புகார். இதில் நான் தொடருக்காக வாதாட மாட்டேன். படத்துக்குப் படம் ஒரு அழகான இளம்பெண், சாட்சியாகவோ சந்தேகத்துக்கு உரியவளாகவோ வருவாள். அரைமணி நேரத்தில் மொந்தல்பானோவின் தோளில் சாய்வாள். நாயகனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, அந்தப் பெண்களுக்கு மட்டும் இருபத்தைந்தைத் தாண்டுவதில்லை. மிமியின் பெண்பித்தை நகைச்சுவையாகவே ஓட்டிவிடுகிறார்கள். 1999-ல் கண்ணில் படாதது இன்று படுகிறது என்று சொல்வதும் பாதி உண்மைதான், எனக்கு அன்றைக்கே இடித்தது.

லிவியா விஷயம் கொஞ்சம் வேறு. ஜெனோவாவில் இருக்கும் காதலி, தொலைபேசியில் சண்டை போடுபவள், "எதற்கு இவள்?" என்று திட்டாத ரசிகர் குறைவு. அவள்மேல் ஒட்டுதல் வராததற்குப் பாதிக் காரணம் தயாரிப்பு. மூன்று நடிகைகள் மாறினார்கள்: கத்தரீனா போம், லீனா பெர்னெட், 2016 முதல் சோனியா பெர்கமாஸ்கோ. முதலாமவருக்கு இரவல் குரல், உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஆனால் முதல் படமான 'தின்பண்டத் திருடன்' பார்த்தவர் அவளை லேசில் திட்ட மாட்டார். தாயைத் தொலைத்துவிட்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தின்பண்டத்தைப் பிடுங்கித் தின்று அலையும் துனீசியச் சிறுவன் பிரான்சுவா. மொந்தல்பானோ வீட்டுக்குக் கூட்டிவருகிறார், லிவியா அவனோடு ஒட்டிக்கொள்கிறாள். ஒருநாள் விடியற்காலையில் பையன் ஓடிவிடுகிறான். கடற்கரையில் அவனைக் கண்டுபிடித்து, சின்ன வயதில் தன் அம்மா செத்ததைச் சொல்கிறார் மொந்தல்பானோ. நாவலில் அவர் சிசிலி மொழியில் பேசுகிறார், பையன் அரபியில் பேசுகிறான், இருவருக்கும் எல்லாம் புரிகிறது. அந்தப் பையனை வளர்க்க லிவியா ஆசைப்பட்டாள், அது நடக்கவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் அவள் தொலைபேசியில் எரிந்து விழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். நடுவில் ஏதோ ஒரு படத்தைப் பிடித்து ஆரம்பித்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம். 'தின்பண்டத் திருடன்', 'வயலினின் குரல்', 'நீரின் வடிவம்', 'சுடுமண் நாய்', இந்த நான்கும் முதல் இரண்டு வருடத்தில் வந்தவை. நான்கையும் பார்த்தும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், மிச்சம் 33-ல் ஒன்றும் மாறப்போவதில்லை. பிடித்தால் 2010 வரை தயங்காமல் போகலாம். அதற்குப் பிறகு கதைகள் தேய்கின்றன, சில படங்களில் நடிகர்கள் பழக்கத்தாலேயே ஓட்டுகிறார்கள். மிக்கேலே ரியொந்தீனோ நடித்த 'இளம் மொந்தல்பானோ' 12 படங்கள், 2012-லும் 2015-லும் வந்தன. தலைமுடி உள்ள மொந்தல்பானோ! அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். என் கணக்கில் அது பலகாரம், சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2019 ஜூலையில் கமில்லேரி போனார், ஆகஸ்டில் இயக்குநர் சிரோனி, அடுத்த வருடம் ரிச்சேரி. கடைசி மூன்று படங்களில் சிங்கரெட்டியே இயக்கத்திலும் கைவைத்தார். எழுத்தாளர் 2005-லேயே எழுதி, 2016-ல் திருத்தி, தான் இறந்த பிறகே வெளியிட வேண்டும் என்று பதிப்பகத்தில் வைத்திருந்த முடிவு நாவல் 2020-ல் வெளியானது. அதைப் படமாக்கவில்லை. அதனால் தொடர் 'கத்தலனோத்தி முறை'யோடு நிற்கிறது. அதில் மொந்தல்பானோ தன்னைவிடப் பல வயது இளைய சக அதிகாரி அந்தோனியாவிடம் விழுந்து, லிவியாவைக் கைவிடுகிறார். ஒளிபரப்பான அன்றிரவே இத்தாலியில் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இருபது வருடமாக லிவியாவைத் திட்டியவர்களும் சேர்ந்துதான்.

நான் ஒரே முறை பார்த்த படம் அதுதான். வழக்கு நன்றாகவே இருந்தது, நாடகக்காரர் ஒருவரின் கொலை. ஆனால் அந்த விலகல் பேச்சு வந்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இப்போதும் 36 வரை வந்தால், திரும்ப 'தின்பண்டத் திருடன்' போட்டுக்கொள்கிறேன்.